மேனேஜ்டு சுவிட்சை வாங்கினால் மட்டும் போதாது, அமைத்தும் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகள், கல்லூரிகள், நகராட்சி அலுவலகங்கள் ஆகியவற்றில் கணினி வலையமைப்பு அமைப்பதற்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளியாகின்றன. அவற்றின் விவரக்குறிப்புகளை வாங்கிப் படித்தால், '24 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச்' என்ற வரி பெரும்பாலானவற்றில் இருப்பதைக் காணலாம். சுவிட்ச் என்பது கணினிகளைக் கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி; போர்ட் என்பது அதில் கேபிள் செருகும் இடம். எத்தனை போர்ட், என்ன வேகம், எத்தனை ஆண்டு வாரண்டி என்பதையெல்லாம் கவனமாகக் குறிப்பிடும் இந்த ஆவணங்கள், அந்தச் சுவிட்சில் எந்தெந்த வசதிகளை இயக்கி, எப்படி அமைத்து ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே ஒப்பந்ததாரர் சுவிட்சை ரேக்கில் பொருத்துகிறார், கேபிள்களைச் செருகுகிறார், பச்சை விளக்குகள் எரிவதைக் காட்டிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். தொழிற்சாலையிலிருந்து வந்த அதே அமைவுகளுடன் அந்தச் சாதனம் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. வலையமைப்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி வருபவன் என்ற முறையில், இது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்தும்கூட என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரு சுவிட்சின் அடிப்படை வேலை எளிதானது. எந்தப் போர்ட்டில் எந்தக் கணினி இருக்கிறது என்பதை தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொண்டு அறிந்துவைத்து, அதற்குரிய தரவை அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. யாரிடம் சேர்ப்பது என்று தெரியாத தரவையும், எல்லாக் கணினிகளுக்குமான அறிவிப்புகளையும் வந்த வழியைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பிவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண சுவிட்சும் இதைக் குறையில்லாமல் செய்யும். மேனேஜ்டு சுவிட்சுக்குப் பல மடங்கு விலை கொடுப்பதன் காரணம் வேறு. அதற்கென ஒரு இயக்க மென்பொருள் உண்டு, வலையமைப்பில் அதை அணுக உதவும் ஐபி முகவரி உண்டு. கன்சோல் கேபிள் மூலமாகவோ வலை உலாவி மூலமாகவோ உள்ளே நுழைந்து, ஒவ்வொரு போர்ட்டும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் கட்டளையிட முடியும். கட்டளையிட யாரும் இல்லையென்றால் அந்தக் கூடுதல் விலையால் பயன் ஏதும் இல்லை.

இந்த வசதிகளில் முதன்மையானது விலேன் எனப்படும் பிரிவாக்கம். 802.1கியூ என்ற தரநிலையின்படி, தரவுச் சட்டம் (ஃபிரேம்) எனப்படும் தரவுத் துண்டு ஒவ்வொன்றிலும் நான்கு பைட் அளவுள்ள ஒரு குறி சேர்க்கப்படுகிறது. அதில் 12 பிட் இடம் பிரிவு எண்ணுக்கு உரியது என்பதால் ஒரே வலையமைப்புக்குள் 4094 பிரிவுகள் வரை அமைக்கலாம். ஒரு மருத்துவமனைக்கு அத்தனை தேவைப்படாது. பதிவு மேசைக் கணினிகளுக்கு ஒன்று, ஸ்கேன் கருவிகளுக்கு ஒன்று, சர்வர்களுக்கு ஒன்று, கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஒன்று, நோயாளிகளும் உடனிருப்போரும் பயன்படுத்தும் வைஃபைக்கு ஒன்று என ஐந்தாறு பிரிவுகள் போதும். சுவிட்சுகளும் கேபிள்களும் பொதுவாகவே இருக்க, ஒரு பிரிவில் உள்ள கணினி அடுத்த பிரிவில் உள்ளதை நேரடியாக அணுக முடியாத நிலையை இது ஏற்படுத்துகிறது. தொழிற்சாலை அமைவில் எல்லாப் போர்ட்டுகளும் ஒன்றாம் எண் பிரிவிலேயே இருக்கும். அதாவது, பிரிவாக்கமே இல்லை.

பிரிவாக்கம் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகின. வெளிநோயாளிகள் பதிவு, பரிசோதனை முடிவுகள், கட்டணம் என அனைத்தையும் ஊழியர்கள் பல நாட்கள் கையால் எழுத வேண்டியிருந்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட்டது என்றும், வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்கு இடமளித்தது என்றும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த பதில்களில் தெரிவித்தது. நாட்டின் முதன்மையான மருத்துவமனைக்கே இந்த நிலை என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எத்தனை இடங்களில் இந்தப் பிரிவாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை அதிகாரிகள் எழுப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்கேன் கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிடி, எம்ஆர்ஐ போன்ற கருவிகளை இயக்கும் கணினிகளில் பல, பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய விண்டோஸில் ஓடுகின்றன. கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் அவற்றில் எதையும் மாற்ற முடியாது. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவியை அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. அவற்றைத் தனிப் பிரிவில் வைத்து, படங்களைச் சேமிக்கும் சர்வருடன் மட்டும் பேச அனுமதிப்பதே கைவசம் உள்ள நல்ல காப்பு. இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். பிரிவுகளை உருவாக்கிவிட்டு, அவற்றை இணைக்கும் ரூட்டரிலோ, ரூட்டரின் வேலையையும் செய்யும் மூன்றாம் அடுக்குச் சுவிட்சிலோ எல்லாப் போக்குவரத்தையும் தடையின்றி அனுமதித்தால், அந்தப் பிரிவாக்கம் வரைபடத்தில் மட்டுமே இருக்கும். எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு எது போகலாம் என்ற விதிகளும் எழுதப்பட வேண்டும். விலேன் அமைத்துவிட்டதாகச் சொல்லப்படும் சில நிறுவனங்களில்கூட இந்த விதிகள் இல்லாததைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது லூப், அதாவது கேபிள் இணைப்பில் உண்டாகும் வளையம். மேசைக்கடியில் கிடக்கும் கேபிள் முனையைப் பார்த்த ஒருவர், கழன்றுவிட்டது என்று நல்ல எண்ணத்தில் அருகிலிருக்கும் சாக்கெட்டில் செருகிவிடுகிறார். அதன் மறுமுனையும் அதே வலையமைப்பில்தான் இருக்கிறது. ஐபி பொதிகளுக்கு இருப்பதைப் போன்ற ஆயுள் வரம்பு சுவிட்சுகள் கடத்தும் ஈதர்நெட் தரவுச் சட்டங்களுக்கு இல்லை என்பதால், ஒரு பொது அறிவிப்பு அந்த வளையத்தில் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் கட்டடம் முழுவதையும் முடக்கிவிடும். இணையம் போய்விட்டது என்று சேவை நிறுவனத்திடம் புகார் செய்வார்கள். அவர்கள் வந்து பார்த்துத் தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார்கள். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை ரேடியா பெர்ல்மேன் 1985-ஆம் ஆண்டு டிஇசி என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கினார். சுவிட்சுகள் தமக்குள் செய்திகளைப் பரிமாறி, வளையம் உண்டாகும் இணைப்பைத் தாமே அடைத்துவைக்கும். இயங்கும் இணைப்பு அறுந்தால் அடைத்ததைத் திறந்துகொள்ளும். பழைய வடிவத்தில் இந்த மாற்றத்துக்கு 30 முதல் 50 நொடிகள் ஆகும். 2001-இல் வந்த விரைவு வடிவத்தில் பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும்.

இந்த நெறிமுறை சில நிறுவனங்களின் சுவிட்சுகளில் தொடக்கத்திலேயே இயங்குகிறது, வேறு சிலவற்றில் நாமே இயக்க வேண்டும். தானாக இயங்கினாலும் பணி முடிந்துவிடவில்லை. வலையமைப்பின் மையமாக எந்தச் சுவிட்ச் இருக்க வேண்டும் என்று நாம் குறிப்பிடாவிட்டால், எல்லாவற்றுக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே இருக்கும். அப்போது மிகக் குறைந்த மேக் முகவரியுடைய சுவிட்ச் மையமாகிவிடும். ஒரே நிறுவனத்தின் சாதனங்களிடையே அது பெரும்பாலும் மிகப் பழையதாக இருக்கும். புதிதாக வாங்கிய விலையுயர்ந்த மையச் சுவிட்ச் ஒதுங்கி நிற்க, ஏதோ ஒரு மாடியின் மூலையில் இருக்கும் பழைய சுவிட்சின் வழியாக முழுப் போக்குவரத்தும் சுற்றிச் செல்லும் நிலை இப்படித்தான் ஏற்படுகிறது. ஒரு கட்டளையில் சரிசெய்யக்கூடிய குறை இது.

ஸ்பானிங் ட்ரீயைக் கவனிக்காமல் விடுவதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 2002 நவம்பரில் அனுபவித்தது. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக ஒட்டுப்போட்டு வளர்ந்த அதன் வலையமைப்பு, ஸ்பானிங் ட்ரீ நெறிமுறைக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏழு சுவிட்ச் தொலைவைத் தாண்டிப் போயிருந்தது. பெருமளவு தரவுப் போக்குவரத்தின் சுமையில் அந்த அமைப்பு நிலைகுலைந்து, ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கு யாரும் ஊடுருவவில்லை, யாரும் நாசவேலை செய்யவில்லை. மருத்துவமனையின் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் வெளியிட்டார். அதனால்தான் உலகெங்கும் உள்ள பொறியாளர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது. அந்த வெளிப்படைத்தன்மை நம் நிறுவனங்களுக்கும் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கல்லூரிகளில் மிக அதிகமாகக் காணப்படும் தொல்லை வேறொன்று. விடுதி அறையிலோ துறை அலுவலகத்திலோ வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று யாராவது வீட்டு உபயோக ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவர் சாக்கெட்டில் செருகிவிடுவார்கள். அந்த ரூட்டர் தன்னிச்சையாக ஐபி முகவரிகளை வழங்கத் தொடங்கும். அதை வாங்கிக்கொண்ட கணினிகள் எல்லாம் தொடர்பிழந்துபோகும். எந்த அறையில் அந்த ரூட்டர் இருக்கிறது என்று மாடி மாடியாகத் தேடி நாள் முழுவதையும் கழித்தவர்கள் பலர். டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியை இயக்கி, முகவரி வழங்கும் உரிமை எந்தப் போர்ட்டுக்கு உண்டு என்று சுவிட்சிடம் சொல்லிவிட்டால், மற்ற போர்ட்டுகளிலிருந்து வரும் முகவரி வழங்கல்கள் அங்கேயே தடுக்கப்படும். வாங்கிவைத்த சுவிட்சில் ஏற்கெனவே இருக்கும் வசதிதான் இது. கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கும் பிஓஇ வசதியில் வாங்கும்போதே தவறு நேர்ந்துவிடுகிறது. 2003-இல் வந்த தரநிலைப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-இல் வந்ததன்படி 30 வாட், 2018-இல் வந்ததன்படி 90 வாட் வரை கொடுக்கலாம். ஆனால் சுவிட்சின் மொத்த மின்திறன் தனிக் கணக்கு. 370 வாட் மொத்தத் திறன் கொண்ட 24 போர்ட் சுவிட்சில் எல்லாப் போர்ட்டுகளுக்கும் 15.4 வாட் கொடுக்கலாம். 30 வாட் வீதம் என்றால் பன்னிரண்டு போர்ட்டுகளோடு நின்றுவிடும். விவரக்குறிப்பில் மொத்த வாட் அளவை எழுதாமல் போர்ட் எண்ணிக்கையை மட்டும் எழுதினால், கடைசியில் பொருத்தும் கேமராக்களுக்கு மின்சாரம் இருக்காது. எந்தப் போர்ட்டுக்கு முன்னுரிமை என்று அமைத்துவைத்தால், மின்திறன் போதாதபோதும் முக்கியமான கேமராக்களும் தொலைபேசிகளும் அணையாமல் காக்கலாம். உறைந்துபோன கேமராவுக்கு ஏணி போட்டு ஏறாமல், அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்து இருந்த இடத்திலிருந்தே அதை மீட்கலாம்.

இதுவரை சொன்னவை பயன்படுத்தப்படாத நன்மைகள். இனிச் சொல்வது ஆபத்து. சாதாரண சுவிட்சுக்குள் நுழைய யாராலும் முடியாது, ஏனெனில் நுழைய வழியே இல்லை. மேனேஜ்டு சுவிட்சுக்கு வழி இருக்கிறது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், பல சாதனங்களில் அது பயனர் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். தொலைவிலிருந்து கட்டளையிட உதவும், ஆனால் மறைகுறியாக்கம் இல்லாத டெல்நெட்டை நிறுத்தாமல் விட்டால், நிர்வாகி தட்டச்சு செய்யும் கடவுச்சொல் வலையமைப்பில் அப்படியே போகும். சாதனங்களின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறியும் எஸ்என்எம்பி கண்காணிப்பின் பழைய வடிவங்களில் 'பப்ளிக்' என்ற வழக்கமான சொல்லை மாற்றாதிருந்தால், வலையமைப்பின் முழு விவரத்தையும் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். 2018 ஏப்ரலில் ஊடுருவியவர்கள் சிஸ்கோ நிறுவனச் சுவிட்சுகளில் உள்ள ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதியைப் பயன்படுத்தி, ஈரானிலும் வேறு நாடுகளிலும் சுவிட்சுகளின் அமைவுகளை அழித்து, அங்கே அமெரிக்கக் கொடியின் வடிவத்தை விட்டுச் சென்றார்கள். ஈரானில் மட்டும் சுமார் 3500 சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு தெரிவித்தது. புதிய சுவிட்சுகளை எளிதாக நிறுவுவதற்காகத் தரப்பட்ட அந்த வசதி, கடவுச்சொல் எதுவும் கேட்காமல் 4786 என்ற மென்பொருள் வாயில் எண்ணில் இணைப்புக்காகக் காத்திருந்தது. நிறுவும் வேலை முடிந்ததும் ஒரே கட்டளையில் நிறுத்தியிருக்கலாம். பல இடங்களில் யாரும் நிறுத்தவில்லை.

சட்டப்படியான ஒரு கடமையும் இதில் இருக்கிறது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுகளின்படி, அத்தகைய சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். எல்லாச் சாதனங்களின் கடிகாரங்களும் அங்கீகரிக்கப்பட்ட நேர சர்வர்களோடு ஒத்திருக்க வேண்டும். சுவிட்சின் பதிவுகள் அதன் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருந்தால் மின்தடையோடு அழிந்துபோகும். பல சுவிட்சுகளில் மின்தடைக்குப் பின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும்; அந்தப் பதிவுகளை வைத்து எது முதலில் நடந்தது என்று எந்த விசாரணையிலும் நிறுவ முடியாது. பதிவுகளைத் தனி சர்வருக்கு அனுப்பும் வசதியும், நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியும் நிறுவனங்களுக்கென விற்கப்படும் மேனேஜ்டு சுவிட்சுகளில் பொதுவாக உண்டு. இரண்டையும் இயக்குவது ஒரு பொறியாளருக்குச் சில நிமிட வேலை.

எல்லா இடங்களுக்கும் மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. பத்துக் கணினிகள் உள்ள ஆரம்பப் பள்ளிக்கும், ஒரே அறையில் இயங்கும் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் சாதாரண சுவிட்சே போதும். கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் அதுதான் பாதுகாப்பானதும்கூட. பல மாடிகளும் நூற்றுக்கணக்கான இணைப்புகளும் உள்ள நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அவற்றிலும் எல்லா வசதிகளையும் ஒரே நாளில் இயக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு போர்ட்டிலும் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் 802.1எக்ஸ் போன்றவற்றுக்குத் தனி சர்வரும் தேர்ந்த ஆட்களும் தேவை. ஆட்கள் குறைவான நிறுவனம் அதைத் தொடாமல், பயன்படாத போர்ட்டுகளை மூடிவைப்பதோடு தொடங்கினாலே பெரும் முன்னேற்றம்தான்.

ஆகவே அரசுத் துறைகளுக்கும், பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனங்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இது. சுவிட்ச் வாங்கும் ஒப்பந்தத்தில் அதன் அமைவையும் ஒப்படைக்க வேண்டிய பொருளாக எழுதுங்கள். பிரிவுகளின் திட்டம், போர்ட் வாரியான பட்டியல், இணைப்பு வரைபடம், அமைவுக் கோப்பின் நகல் ஆகியவை கையில் வந்து சேராமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள். கையொப்பமிடுவதற்கு முன் பொறியாளர் முன்னிலையில் சோதித்துப் பாருங்கள். ஒரு கேபிளின் இரு முனைகளையும் இரண்டு சாக்கெட்டுகளில் செருகி, வலையமைப்பு நிற்கிறதா, அந்தப் போர்ட் மட்டும் அடைபடுகிறதா என்று பாருங்கள். வீட்டு ரூட்டர் ஒன்றைச் செருகி, அருகிலிருக்கும் கணினிக்கு அது முகவரி வழங்க முடிகிறதா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்த மடிக்கணினியிலிருந்து சர்வரை அணுக முடிகிறதா என்று பாருங்கள். பின்னர் சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுங்கள். இந்தக் கடைசிச் சோதனை மிக முக்கியமானது, ஏனெனில் பல சுவிட்சுகளில் செய்த மாற்றங்களை நிலையான நினைவகத்தில் சேமிக்கும் கட்டளையைத் தனியே கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் போனால், அடுத்த மின்வெட்டில் அவ்வளவு வேலையும் மறைந்துவிடும். இந்தச் சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கேபிளும் ஒரு பழைய ரூட்டரும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும்.

கடவுச்சொற்களைக் குறித்தும் ஒரு நடைமுறை வேண்டும். ஒப்பந்ததாரரின் ஊழியர் ஒருவருக்கு மட்டுமே அவை தெரிந்திருப்பதும், அவர் வேலையை விட்டுப் போனதும் சுவிட்சைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதும் பல நிறுவனங்களில் நடக்கின்றன. கடவுச்சொற்களை முத்திரையிட்ட உறையில் நிறுவனத் தலைவரின் பொறுப்பில் வைக்கலாம். கணினிப் பிரிவின் பொறுப்பாளர் மாற்றலாகும்போது, மற்ற பொருட்களோடு இவற்றையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்து, ஏற்பவர் உடனே மாற்றிவிடலாம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும், பழுதானால் மாற்றித் தருவது என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், சுவிட்சின் இயக்க மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதையும் அமைவின் நகலெடுத்துத் தருவதையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் படித்துவிட்டு இதே அலுவலகங்களில் தற்காலிகப் பணியில் இருக்கும் இளைஞர்கள் இந்த வேலைகளைச் செய்யும் திறமை உடையவர்கள். நிறுவும் நாட்களில் ஒப்பந்ததாரரின் பொறியாளர் அவர்களை அருகில் வைத்துக்கொண்டு கற்பிக்க வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி, தகவல் தொழில்நுட்பத் துறையையும் மருத்துவம், உயர்கல்வித் துறைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வலையமைப்புப் பொறியாளர்,
மதுரை